வழி கேட்கிறவர்

"புவனகிரிக்கு எப்படிங்க போவணும்?" என்று மாமா கேட்டபோது எங்கள் வண்டி புவனகிரி பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்து உருட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம்தான் இந்தக் கேள்வி. அவர் மாமாவை ஒருமுறை பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, கிண்டல் செய்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு, "இதாங்க புவனகிரி" என்றார்.

"அப்படிங்களா! நல்லதாப் போச்சு" என்று மாமா வண்டியை ஆஃப் செய்தார். "ஆத்துல தண்ணி எப்ப வந்துது?"

அவ்வளவுதான். புல்லுக்கட்டுக்காரர் சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவிட்டார். தண்ணீர் வந்த கதை, வந்த தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாத கதை, மாடு சினை பிடிக்காத கதை, மூத்த மகள் கோபித்துக்கொண்டு வந்து வீட்டில் இருக்கிற கதை எல்லாம் வரிசையாக வந்தன. நான் வெயிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமா கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உரக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக அந்தப் பாலத்தை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கடந்துகொண்டிருந்தவர். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை எந்த ஊரில் எந்தச் சந்து முட்டுச்சந்து என்பதுகூட அவருக்குத் தெரியும்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தெரிந்த ஊரிலேயே வழி கேட்பதுதான் அவருடைய பழக்கம்.

ஏன் மாமா இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொல்வார். "சும்மா நிக்கிறாரு பாவம், ஒரு வேலை குடுப்போமேன்னுதான்" என்பார். "வண்டி சூடாயிடிச்சி மச்சான், ஆறட்டும்" என்பார். ஒரே ஒரு தடவை, கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரோடு தெரியும். ஆளு தெரியாதுல்ல" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பெரிய வார்த்தை பேசிவிட்டதுபோல் அவரே கூச்சப்பட்டு ஹார்ன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சலூன். அப்பா அங்கே முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டாருக்கு முன்னதாகத் தனியாக வந்து இறங்கிய மாமா சலூனுக்குள் தலையை நீட்டி, தரகர் சொன்ன அடையாளத்தைச் சொல்லி, "அந்த வீட்டுக்கு எப்படிங்க போவணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"என்னா விசயமா?" என்றாராம் அப்பா, நுரைக்குள்ளிருந்து.

"பொண்ணு பாக்க வந்துருக்கோம். குடும்பம்லாம் எப்படிங்க?"

"குடும்பம் பரவால்ல. அப்பன்காரன்தான் கொஞ்சம் கோவக்காரன்."

"கோவம் இருந்தா பரவால்லிங்க. மனசுல வச்சிக்கிற ஆளா?"

அப்பா ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் மழிக்காமல் அப்படியே எழுந்து, தோளில் சலூன் துண்டோடு அவரை வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். காபி வருவதற்குள் அப்பா முடிவு செய்துவிட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று மாமாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்பது அக்காவின் சந்தேகம். எத்தனை தடவை கேட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

இந்தப் பழக்கத்தால் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரசவத்துக்கு ஆட்டோவில் போகும்போது, ஆஸ்பத்திரித் தெருவுக்குள்ளேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, ஒரு வெள்ளரிப்பிஞ்சுக்காரம்மாவிடம் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டாராம். "நான் வலில துடிக்கிறேன், இவரு வழி கேட்டுக்கினு நிக்கிறாரு" என்று அக்கா சொல்லும்போது இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பதற்றத்தில் அன்று நிஜமாகவே தெரு மறந்துவிட்டது என்று அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். அக்கா நம்பவில்லை. என் கல்யாணத்தன்று மாலை வாங்கப் போனவர், பூக்காரரிடம் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டு, பூக்காரர் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மாலைகள் வந்தன. பந்தியில்தான் கொஞ்சம் இடநெருக்கடி.

மாமா ஓய்வு பெற்றதும், பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் ஒரு யோசனை சொன்னாள். ஒரே மகள். அப்பாவும் அம்மாவும் எங்கேயும் போனதில்லை, இலங்கைக்குப் போய்விட்டு வரட்டும் என்று ஒரு பேக்கேஜ் டூர் பார்த்து வைத்திருந்தாள். ஏசி பஸ், காலைச் சாப்பாடு, தமிழ் பேசும் கைடு. மாமா அந்த விளம்பரத்தைச் சிதம்பரத்திலிருந்து என் கடைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். கடலூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சான்றிதழ், பாஸ்போர்ட், பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும்.

"இதுல போட்டிருக்கான் பாரு மச்சான். ஒருத்தன் கொடியப் புடிச்சிக்கினு முன்னால போவானாம். நாம பின்னாலயே போவணுமாம். அப்ப நான் யாரை என்னான்னு கேக்குறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம்னுதான் மாமா காசு வாங்குறான்."

"அதுக்குப் போட்டோ பாத்துட்டு வூட்லயே இருந்துடலாமே. நீ வா. நாம மூணு பேரும் போவலாம். நாமளே போவலாம்."

அப்படித்தான் அந்தத் திட்டம் ஆரம்பித்தது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் திரையில் அந்தத் தீவை விரித்து வைத்துக்கொள்வோம். எந்த மாதம் போவது என்பதே முதலில் பெரிய தலைவலியாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நம்மைப்போலவே அவர்களுக்கும் வடக்கிலும் கிழக்கிலும் மழை கொட்டும். வைகாசிக்கு மேல் தெற்கும் மேற்கும் நனையும். மாசியில் போனால் தீவு முழுக்கச் சுற்றலாம் என்று கண்டுபிடித்தோம். கொழும்பில் இறங்கி அனுராதபுரம், அங்கிருந்து யாழ்ப்பாணம், திருகோணமலை, பிறகு கண்டி, மலையேறித் தேயிலைத் தோட்டங்கள், கீழே இறங்கிக் காலி, கடலோரமாகவே ரயிலில் மறுபடி கொழும்பு. விசாவுக்கு விண்ணப்பிப்பது, தங்கும் அறை பார்ப்பது, மலை ரயிலுக்கு டிக்கெட் திறக்கிற நாளில் காத்திருந்து பிடிப்பது எல்லாம் என் வேலை. கடைக்கு வருகிறவர்களை விசாரிப்பது அவர் வேலை. சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெண்ணின் அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர் என்று தெரிந்ததும், அன்று மத்தியானமே அந்த அம்மாவை வரவழைத்துவிட்டார். குளிருக்கு என்ன எடுத்துப்போவது என்று கேட்டதற்கு அந்த அம்மா அழுதார். மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

தேவனாம்பட்டினத்து இளைஞன் ஒருவன் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே அவனுடைய அறைத்தோழன் சிங்களவன். அவனிடம் மாமா ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டார். வேறென்ன, வழி கேட்கிற வாக்கியம்தான். "நுவரட்ட யன்னே கொஹொமத?" கண்டிக்கு எப்படிப் போவது? போகிற ஊரை முன்னால் போட்டுக்கொண்டால் போதும். மஞ்சக்குப்பத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் இல்லை. "பஸ் ஸ்டாண்டுட்ட யன்னே கொஹொமத?" என்று கேட்டு ஒரு டவுன் பஸ் கண்டக்டரிடம் திட்டு வாங்கினார். பதிலுக்கு என்ன சொல்வார்கள், அது எப்படிப் புரியும் என்று நான் கேட்டேன். "அதை எவன் பாத்தான்?" என்றார்.

அது உண்மை. அவர் பதிலை ஒருபோதும் கவனித்ததில்லை. வலது பக்கம் திரும்பணும் என்று ஆள் கை நீட்டும்போதே மாமாவின் கண் அவருடைய செருப்பிலோ, கையில் இருக்கிற பையிலோ, கூட நிற்கிற குழந்தையிலோ இருக்கும். பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வி தயாராகிவிடும்.

பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயந்திரம் கோயிலுக்குப் போய்விட்டுக் கீழவீதியில் நடந்து வந்தோம். வளையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் மாமா நின்றார். தன் தெருப் பெயரைச் சொல்லி, எப்படிப் போகணும் என்று கேட்டார். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு, கதை முடியக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அடுத்த கடைப் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"நேராப் போயி, டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றார் அந்த அம்மா.

மாமா அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிரான்ஸ்ஃபார்மர்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். "சோத்துக்கைப் பக்கம்." தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வியாபாரம் எப்படி என்று கேட்கவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று கேட்கவில்லை.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போனேன். டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் நின்று, கையைப் பார்த்து, திரும்பினார். வீட்டு வாசலில் அக்காவைக் கண்டதும்தான் முகம் தெளிந்தது.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சில மாதமாகவே இருக்கிறது என்றாள். ஆனால் எப்போது ஆரம்பித்தது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. வேறு யாராவது இப்படி வழி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இவர் எப்போதும் கேட்கிறவர். எந்தக் கேள்வி விளையாட்டு, எந்தக் கேள்வி நிஜம் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மறதி நோயின் தொடக்கம், இனி மெல்ல மெல்லக் கூடும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும் என்றார். மாமா அவரிடம், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அது எந்த வகைக் கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் போனில் என்னிடம் கத்தினாள். "டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க மாமா. தெரியாத நாட்டுல அப்பா எங்கயாச்சும் போயிட்டா யாரு தேடுறது? பேக்கேஜா இருந்தாலாவது கூட ஆள் இருக்கும்."

அவள் சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். அறைகளை ரத்து செய்ய உட்கார்ந்தபோது அக்கா கடலூருக்கே வந்துவிட்டாள். கடைக்குள் வந்து, கூட்டத்தில் ஓரமாக நின்று, எல்லோரும் போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ரத்து பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"பண்ணாத."

"அக்கா, புரியாமப் பேசாத. தெரிஞ்ச ஊர்லயே அவருக்கு..."

"தெரிஞ்ச ஊர்லதான் தம்பி" என்றாள் அக்கா. "தெரிஞ்ச ஊர்ல வழி தெரியலன்னா அவருக்கு வெக்கமா இருக்கு. ராத்திரில படுத்துக்கினு தெருப் பேரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாக்குறாரு. அங்க போனா யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? மூணு பேரும் கேட்டுக்கினுதான போவணும்?"

அதற்குப் பிறகு நான் எதையும் ரத்து செய்யவில்லை. மகளிடம் அக்காவே பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் மகள் எனக்கு போன் செய்து, "அப்பா சட்டைப் பையில உங்க நம்பர் எழுதி வைங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாசி மாதம் மாமா சந்தோஷமாக இருந்ததுபோல் நான் எப்போதும் பார்த்ததில்லை. காலையில் கண் விழித்ததும், "எங்க இருக்கோம்?" என்று அக்காவைக் கேட்பார். "ஸ்ரீலங்காங்க" என்பாள். "அட, வந்துட்டமா!" என்று எழுந்து உட்காருவார். தினமும் புதிதாக வந்து இறங்கினார். அனுராதபுரத்தில் ஒரு சிங்களக் கிழவியிடம் தன் வாக்கியத்தைச் சொன்னார். கிழவி மூச்சு விடாமல் ஒரு பாரதம் பேசினாள். கடைசியில் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புத்தருடைய அரசமரம் வரைக்கும் அவளே கூட்டிப்போனாள். வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டே போனார்கள், அவள் சிங்களத்திலும் இவர் கீரப்பாளையத்துத் தமிழிலும். யாழ்ப்பாணத்து நல்லூரில் சைக்கிளில் வந்த ஒருவர், "நீங்கள் எவடம்?" என்று ஊரைக் கேட்டதும் மாமாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அன்று முழுக்க அக்காவை, "நீ எவடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முதலில் முறைத்தாள். பிறகு, "மஞ்சக்குப்பம்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வழியில் நின்று எரிந்து விழாத பயணம் அதுதான். பஸ் தவறினால் அடுத்த பஸ். அதுவும் தவறினால் செவ்விளநீர்.

திரும்பி வந்த பிறகு நோய் டாக்டர் சொன்னபடியே நடந்தது. முதலில் ஊர்ப் பெயர்கள் போயின, பிறகு ஆட்களின் பெயர்கள். கடைசி வருடம் அவர் எதையும் கேட்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் யாராவது வழி கேட்டு நின்றால் மட்டும் முகத்தில் ஒரு அசைவு வரும். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பயணத்தின் போட்டோக்களை மகள் இப்போது அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்க்கிறாள். பண்டாரவளையில் எடுத்தது ஒன்றுகூட இல்லையே என்று சென்ற வாரம் கேட்டாள். அக்கா அவளிடம் அந்த ஊரைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்லட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "சொல்லு, அதுல என்னா" என்றாள்.

மலையிலிருந்து இறங்குவதற்கு முன் நாங்கள் கடைசியாகத் தங்கிய ஊர் அது. ரயில் நேரம் கேட்க நான் கவுன்ட்டரில் நின்றேன். அக்கா முகம் கழுவப் போயிருந்தாள். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் பைகள் மட்டும் இருந்தன. மாமா இல்லை. என் நம்பர் எழுதிய சீட்டு, காலையில் மாற்றிய சட்டையோடு பைக்குள் போயிருந்தது.

பிளாட்பாரத்தின் இரண்டு முனைக்கும் ஓடினேன். வெளியே வந்தால் பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வருகிற ஆள் கிட்டே வந்தால்தான் ஆள் என்று தெரிகிறது. மேட்டுத் தெருவில் ஏறினேன், இறங்கினேன். மகளிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன் அக்காவிடம். அவள் ஓடவில்லை. மூன்று பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரையாச்சும் கேட்டுக்கினுதான் நிப்பாரு" என்றாள். "ரோட்டப் பாக்காத. கடைங்களப் பாரு."

கீழே போகும் படிகளின் ஓரத்தில் ஒரு சின்னக் காய்கறிக் கடை. கேரட்டும், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு பெஞ்சில் மாமா கையில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் வேகமாக வெளியே வந்தாள். சத்தம் போட வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

"உங்க ஆளுங்களா? சிதம்பரத்துக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாருங்க. அந்தப் பேர்ல இங்க ஒரு தோட்டம் இருக்கோன்னு நானும் யோசிச்சேன். பொறகுதான் வெளங்குச்சு. இல்லைன்னு சொல்ல மனசு வரல. இப்பதான் பஸ் போச்சு ஐயா, அடுத்தது வரும், உக்காருங்கன்னு சொல்லிட்டேன்."

நான் உள்ளே போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே போனாள்.

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான் படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவரைப் பார்த்த பார்வை அல்ல அது. ஆனால் அதில் பயமும் இல்லை. வழியில் தென்படுகிற யாரையும் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற அதே ஆசை இருந்தது. மரியாதையாக, "நீங்களும் சிதம்பரங்களா?" என்று கேட்டார்.

கடைக்காரப் பெண் தலையைக் குனிந்து கேரட்டை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "அங்கதான் போறேன்."

"பஸ்ஸு இப்பதான் போச்சாம். அடுத்தது வருமாம். பயப்படாதீங்க, சேந்தே போவலாம்" என்றார் மாமா. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு" என்று சொல்லி அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.